ஸ்ரீமான் ஒருவேளை

புது தில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கென்று கட்டிவிட்ட குடியிருப்புகளிலும், விசேஷமாக ராமகிருஷ்ணபுரம், லோதி காலனி, கரோல் பாக் என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிவிட்ட பேட்டைகளில், ஸ்ரீமான் ஒருவேளையைச் சந்திக்காமலே ஒருவர் தம் ஆயுளைக் கழித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நெற்றியில் விபூதி, அதன் நடுவே ஹனுமார் கோயில் சிந்தூரம், வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, அதற்கு மேலே ஏதோ ஒரு தர்காவில் கட்டிக்கொண்ட பச்சை நூல், சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையிட்ட சர்வ தேவதா சமூகம் என்று அவர் எதிரே வருகையில், இவரல்லவோ பக்த சிரோன்மணி என்று யாரேனும் கைகூப்பினால் அது அவருக்கும் அநியாயம், பக்திக்கும் அநியாயம். கடவுள் உண்டா என்று அவரை நேருக்கு நேர் கேட்டுப் பாருங்கள். இருபுறமும் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இருந்துட்டார்னா?" என்பார். அதற்கு மேல் அவருடைய வேதாந்தத்தில் அத்தியாயம் கிடையாது.

தணிக்கை இலாகாவில் தலை நரைத்தவர். ரசீது இல்லாத செலவையும், செலவு இல்லாத ரசீதையும் ஆயுள் முழுவதும் சந்தேகித்தே பழகியவர். பரலோகத்தை மட்டும் அவர் எதற்காக நம்பவேண்டும்? நம்பவில்லை. ஆனால் ஆயுள் இன்ஷூரன்ஸுக்குப் பிரீமியம் கட்டுகிறவன் நாளைக்கே செத்துப்போவோம் என்று நம்பியா கட்டுகிறான் என்பது அவருடைய வாதம்.

பிரீமியம் கட்டும் முறையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சாந்தினி சௌக்கில் கௌரி சங்கர் கோயில். செவ்வாய்க்கிழமை அதிகாலையில் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் சுவாமிநாதன். ஆனால் தில்லியில் செவ்வாய்க்கிழமை ஹனுமாருக்கும் உரியதாகையால், ஆபீஸ் விட்டதும் பாபா கரக் சிங் மார்க் கோயிலில், மருதாணி இடுகிற பெண்களையும் வளையல் கடைகளையும் தாண்டி, லட்டு டப்பாவுடன் வரிசையில் நிற்பார். 1964 ஆகஸ்டு முதல் தேதியில் தொடங்கிய ராம நாம ஜபம் அங்கே இரவு பகல் ஓயாமல் நடந்துவருவதில் அவருக்குத் தனித் திருப்தி: "எப்ப போனாலும் ஆபீஸ் திறந்திருக்கு ஸார், லஞ்ச் டயம்கூடக் கிடையாது." சனிக்கிழமைகளில் சிக்னல்களில் தகரப் பாத்திரத்தில் எண்ணெயும் அதற்குள் இரும்பு உருவமுமாகச் சனி பகவானே வாகனங்களைத் தேடி வந்துவிடுகிறார்; சிவப்பு விளக்கு எரியும் நேரத்துக்குள் நாணயம் விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பங்களா சாகிப் குருத்வாராவும் கோல் டாக் கானாவிலுள்ள பெரிய மாதா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே ஆட்டோ சத்தத்தில் முடிகின்றன. முன்னதற்குத் தலையை மூட வேண்டும், பின்னதற்குத் திறக்க வேண்டும். அந்தப் பணிக்கென்று காவிக் கைக்குட்டை ஒன்று அவருடைய ஜோல்னாப் பையில் நிரந்தர உத்தியோகம் பார்க்கிறது; வியாழக்கிழமை நிஜாமுத்தீன் தர்காவிலும் அதே கைக்குட்டைதான் டெபுடேஷனில் போகிறது.

ஒரு நாள் மாலை, பூங்கா பெஞ்சில், பிரெஞ்சு ஞானி பாஸ்கலைப் பற்றி அவரிடம் சொன்னேன். 1623-ல் பிறந்து 1662-ல் மறைந்த அந்த மேதை, பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பந்தயப் பணத்தை ஆட்டக்காரர்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்று பெர்மா என்ற கணித நிபுணருடன் 1654-ல் கடிதப் போக்குவரத்து நடத்தி நிகழ்தகவுக் கணிதத்துக்கே அஸ்திவாரமிட்டவர். அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குப் பின் வெளிவந்த சிந்தனைக் குறிப்புகளில் கடவுளையும் ஒரு பந்தயமாகவே வைத்துக் காட்டுகிறார். உண்டென்று பந்தயம் கட்டி அவர் உண்மையிலேயே இருந்துவிட்டால் லாபம் அநந்தம்; இல்லாவிட்டால் நஷ்டம் அற்பம்; ஆகவே புத்தியுள்ளவன் உண்டென்றே கட்டுவான். ஸ்ரீமான் ஒருவேளை கண்களை மூடிக் கேட்டார். பாஸ்கலின் தகப்பனார் ரூவான் நகரத்தில் வரி வசூல் அதிகாரியாயிருந்தார் என்றும், அவருடைய கணக்கு வேலையை இலகுவாக்கவே மகன் கூட்டல் யந்திரம் ஒன்றைச் செய்தான் என்றும் நான் சொன்னபோது, "அதானே பார்த்தேன், நம்ம டிபார்ட்மெண்ட்!" என்று உருகிப்போனார்.

பிறகு சற்று யோசித்து ஓர் ஆட்சேபணை எழுப்பினார். "எந்தச் சாமின்னு அவர் எழுதலையே, ஸார்?"

இதே கேள்வியைப் பிரான்சிலேயே திதரோ என்ற சிந்தனையாளர் கேட்டார். இதே தர்க்கத்தை ஓர் இமாமும் சொல்லலாமே என்றார். ஆனால் திதரோவுக்கு அது வெறும் தர்க்கம். தில்லிவாசிக்கோ அது பஸ் ரூட் பிரச்னை. கதவு ஒன்றே ஒன்று இருக்கும் ஊரில், தட்டலாமா வேண்டாமா என்பதோடு விசாரம் முடிகிறது. நூறு கதவு உள்ள ஊரில் ஒன்றைத் தட்டிய சப்தம் மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் கேட்குமே என்ற கவலை பிறக்கிறது. சாலை என்ற ஊர்ப் பிராமணர்களிடம் புத்தர் பேசியதாக மஜ்ஜிம நிகாயத்தின் 60-வது சூத்திரம் கூறுவதும் ஏறக்குறைய பாஸ்கலின் கணக்கேதான். ஆயினும் புத்தர் மறுமை உண்டோ இல்லையோ ஒழுங்காக நட என்று நடத்தையின் மேல் பந்தயத்தை வைத்துவிட்டதால், கதவுகளைப் பற்றிய சங்கடமே அங்கே எழவில்லை. இதையும் நண்பரிடம் சொன்னேன். "நல்லவனா இருக்கிறது கஷ்டம் ஸார், க்யூவிலே நிக்கிறது ஈஸி" என்றார். இதைவிட நேர்மையான பதிலை நான் எந்த உபந்நியாசத்திலும் கேட்டதில்லை.

அவருடைய பிரதிபை முழுவதையும் காண வேண்டுமானால் வியாழக்கிழமை பிற்பகல் பிரோஸ் ஷா கோட்லாவுக்குப் போக வேண்டும். துக்ளக் வம்சத்துச் சுல்தான் 1354-ல் எழுப்பத் தொடங்கிய அந்தக் கோட்டையின் இடிபாடுகளில் ஜின்கள் குடியிருப்பதாக ஐதிகம். மதபேதமின்றி ஜனங்கள் அங்கே அகல் ஏற்றி, ஊதுபத்தி கொளுத்தி, தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதி, அதை ஜெராக்ஸ் எடுத்து, இருண்ட நிலவறைகளின் மாடங்கள்தோறும் ஒரு பிரதி வீதம் வைக்கிறார்கள். ஜின் சிரமப்படாமல் வந்து சேர வேண்டுமே என்று பூரண விலாசமும் எழுதுகிறார்கள். ஸ்ரீமான் ஒருவேளை இதை முதன்முதலில் கண்டபோது, தம் ஜீவிதம் முழுவதும் எதற்காகத் தயாரானோம் என்பது விளங்கிவிட்டவர்போல நின்றார். அன்றிரவே மனு தயாராயிற்று: பொருள், பார்வை, முந்தைய மனுவின் தேதி, கீழே இடது மூலையில் நகல் பெறுவோர் பட்டியல். அந்தப் பட்டியலில் சுவாமிநாதனும் இருந்தான், 'தகவலுக்காக மட்டும்' என்ற குறிப்புடன்.

கோட்லாவின் உச்சியில் நிற்கும் அசோகர் தூணை, டோப்ரா என்ற கிராமத்திலிருந்து பிரோஸ் ஷா பெயர்த்துக்கொண்டு வந்தான். அதிலுள்ள எழுத்து அக்காலத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப்தான் பிராமி எழுத்தைப் படித்தார். சுல்தான் கூப்பிட்டுக் கேட்டபோது மாத்திரம் சிலர், 'பிரோஸ் என்ற பெயருடைய மகா ராஜா வரும்வரை இதை ஒருவராலும் அசைக்க இயலாது' என்று அதில் எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினார்களாம். அஃபீப் என்ற சரித்திரக்காரர் எழுதிவைத்திருக்கிறார். பொருள் தெரியாவிட்டாலும் யாருக்கு எது பிரியமோ அதைச் சொல்லிவைத்த அந்த மகானுபாவர்களை என் நண்பரின் கோத்திர ரிஷிகள் என்றே கருதுகிறேன். அவரோ அசோகரையே சாட்சிக்கு அழைக்கிறார்: எல்லாச் சமயத்தாரையும் நான் கௌரவித்தேன் என்று அந்தத் தூணிலேயே சக்கரவர்த்தி சொல்லியிருக்கிறாரே, நான் செய்வதில் என்ன தப்பு?

தப்பு அவருடைய தர்மபத்தினிக்குத்தான் தெரியும். பந்தயப் பணம் அற்பம் என்று பாஸ்கல் எழுதியதற்குக் காரணம், அவர் கல்யாணம் செய்துகொள்ளாததே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஆட்டோ, லட்டு, சாதர், மெழுகுவர்த்தி, ஜெராக்ஸ் என்று மாதக் கடைசியில் அந்த அம்மாள் போடுகிற பட்டியலைப் பார்த்தால் அற்பம் என்ற சொல் எழாது. "இத்தனை பேரையும் பார்க்கப் போறீங்களே, எங்க அண்ணன் கிரகப்பிரவேசத்துக்கு வந்தீங்களா?" என்று அவர் கேட்டதற்கு, மைத்துனர் இருப்பது நிச்சயமாகத் தெரியுமாதலால் அங்கே அவசரமில்லை என்று பதில் கிடைத்ததாம்.

நம்பிக்கை வராதவனுக்குப் பாஸ்கல் ஒரு வைத்தியம் சொல்கிறார்: நம்புகிறவனைப் போலவே நடி, தீர்த்தம் தெளித்துக்கொள், பூஜையில் நில், நாளடைவில் நம்பிக்கை தானே வரும். என் நண்பர் விஷயத்தில் வைத்தியம் பலித்ததா என்றால், கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் மட்டும் திடமாக வந்துவிட்டது. ஒரு முறை மெட்ரோ ரயில் வேகமாகத் திரும்பியபோது ஜன்னலில் தெரிந்த தபால் நிலையத்தின் கோபுரத்துக்கும் போட்டுக்கொண்டார். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க தத்துவ ஆசிரியர் 1896-ல், தாம் கடவுளின் ஸ்தானத்தில் இருந்தால் இப்படிக் கணக்குப் பார்த்து வருகிற பக்தர்களுக்குத்தான் முதலில் மோட்சத்தை மறுப்பேன் என்ற ரீதியில் பேசினார். எனக்கு அவ்வளவு கடுமை இல்லை. பாஸ்கலே பந்தயம் கட்டிக் கடவுளை அடைந்தவர் அல்லர்; 1654 நவம்பர் 23-ம் தேதி இரவு தமக்கு நேர்ந்த அனுபவத்தைக் காகிதத்தில் எழுதி, மேலங்கிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. கணக்கு மற்றவர்களுக்காக எழுதியது. நம்மவரோ கணக்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர். ஆனாலும் தங்கள் கதவு ஒன்றே கதவு என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களோடு ஒரே கூபேயில் பயணம் செய்வதைவிட இவரோடு செய்வது எவ்வளவோ சௌக்கியம்.

பங்களா சாகிபில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது. 1664-ல் தில்லியில் அம்மை வாரியடித்தபோது, பால பருவத்தினரான எட்டாவது குரு ஹர்கிருஷண் அந்த மாளிகையில் தங்கி நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்து, அதே நோயில் தாமும் மாண்டார். லாப நஷ்டம் பார்த்ததாக வரலாறு இல்லை. அங்கே லங்கர் அடுக்களையில் ஸ்ரீமான் ஒருவேளை இரண்டு மணி நேரம் ரொட்டி உருட்டியதை நானே கண்டேன். மாவுக் கையோடு வெளியே வந்தவரிடம், இன்றைக்கு என்ன பிரார்த்தனை என்று கேட்டேன். திகைத்துப்போய், "அடடா, கேக்கவே மறந்துட்டேனே ஸார்!" என்று திரும்ப உள்ளே ஓடினார்.

சென்ற செப்டம்பர் 17-ம் தேதி அவரை வேறோர் இடத்தில் பார்த்தேன். ஜசோலாவிலுள்ள பெரியார் மையத்துக்குச் சற்று முன்னால், தெரு முனையில் நின்று, அதே காவிக் கைக்குட்டையால் நெற்றியைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கே எதுக்கு ஸார்?" என்றேன். "கடவுள் இல்லைன்னா உங்களை யார் கேள்வி கேக்கப் போறாங்க?"

"இல்லாதவர் கோவிச்சுக்க மாட்டார், வாஸ்தவம். இல்லைங்கிறவங்க கோவிச்சுப்பாங்களே!" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்று, மாலையிட்டவர்களுக்குப் பின்னால் பவ்யமாக நின்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். பென்சிலால்தான்.