டைட்டானியம் டம்ளர் வாங்கின பேரனுக்கு

வாடே, இப்படித் திண்ணையில உக்காரு. அந்த டம்ளரைக் கொண்டா பாப்போம். டைட்டானியமா? மூவாயிரம் ரூவாயா? ஆச்சி தேய்க்க மறந்த எவர்சில்வர் மாதிரில்லா மங்கிக் கிடக்கு!

காந்தம் ஒட்டலைன்னு பெருமை பேசாதே. நல்ல எவர்சில்வர்லயும் ஒட்டாது. கையில தூக்கிப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ஒரு கன சென்டிமீட்டர் எவர்சில்வர் 8 கிராம்னா, இது நாலரைதான். விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் அது பெரிய காரியம். டீ குடிக்கிற உனக்கு அம்பது கிராம் குறைஞ்சு என்ன ஆகப்போவுது? உன் தொந்தியிலயே கிலோக்கணக்குல கிடக்கு.

துருப்பிடிக்காதாம்! எவர்சில்வர் மட்டும் பிடிக்குமாக்கும்? இரும்புல நூத்துக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். அந்தக் குரோமியம் காத்துப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத தோலு ஒண்ணைப் போத்திக்கிடும். கீறினா மறுபடி வளரும். டைட்டானியத்துக்கும் இதே வித்தைதான், தோலு இன்னும் கெட்டி. உப்புலதான் குட்டு வெளிப்படும். எவர்சில்வர் தூக்குல உப்பு நார்த்தங்காயைப் போட்டு மாசக்கணக்கா வெச்சா, அடியில ஊசி குத்தின மாதிரி பொட்டுப் பொட்டாக் குழி விழும். டைட்டானியம் கடல்தண்ணியிலயே கிடந்தாலும் அசராது.

அதுக்காக அருவாமனையும் இதுலயே கேட்டுராதே. கத்தி ஸ்டீல் மாதிரி கூர் நிக்காது. ஆச்சி உன்னையத்தான் நறுக்குவா.

இந்தா, என் தொடையைத் தொட்டுப் பாரு. வரப்புல வழுக்கி விழுந்தப்ப வெச்ச தகடு இதே சாமான்தான். ஸ்டீலுக்கு விறைப்பு ஜாஸ்தி, டைட்டானியத்தைப் போல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் கம்மி. வீட்டுப் பாரத்தையெல்லாம் மூத்தவனே சுமந்தா இளையவன் சோம்பேறியாவான்லா, அந்த மாதிரி தகடே சுமந்தா எலும்பு மெலிஞ்சு போவும். டைட்டானியம் கொஞ்சம் வளைஞ்சு குடுத்து எலும்பையும் வேலை வாங்கும். உங்க அப்பனை நான் அப்படித்தான் வளத்தேன். உன்னைய அவன் ஸ்டீலா நின்னு வளத்துட்டான்.

சீமைச் சரக்குன்னு நினைச்சியா? நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில கறுப்பா மினுங்குதே, அந்த மண்ணுல உள்ள இல்மனைட்டுக்குள்ளதான் இது இருக்கு. மண்ணு சும்மா கிடக்கு. பிரிச்செடுக்கதுதான் பெரும்பாடு. ஆக்சிஜனை லேசுல விடாது. குளோரினோட சேத்துத் திரவமாக்கி, காத்துப் புகாத கலத்துல மக்னீசியத்தைக் குடுத்து இழுக்கணும். கேரளத்துச் சவராவுல 2011-ல அதுக்குன்னே ஒரு ஆலை திறந்தாங்க. நீ குடுத்த மூவாயிரத்துல அந்தப் பாட்டுக்கான கூலியும் சேத்திதான்னு வெச்சுக்கோ.

சரி, மூஞ்சியைத் தூக்காதே. டம்ளரை இங்கயே வெச்சிட்டுப் போ. ஊறுகாய்ப் பரணியை ஆச்சி நேத்துதான் போட்டு உடைச்சா. இதுல ரெண்டு நார்த்தங்காய் கொள்ளும்லா? டீக்கு இந்தா, எவர்சில்வர் டம்ளர். உங்க அப்பன் கல்யாணத்துக்கு வந்தது, பேருகூட வெட்டியிருக்கு பாரு.