ரூம் டோன் தம்பி

மயிலாப்பூரில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜில், தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக் கட்டுக்கும் நடுவே ஸ்கூட்டர் சாவி சில்லிட்டுக் கிடந்தால், அந்த வீட்டுப் பிள்ளை சினிமாவுக்கு ஒலிப்பதிவு படிக்கிறான் என்று தைரியமாகச் சொல்லலாம். அது மறதியில் வைத்ததல்ல. மறந்துவிடக் கூடாதென்று வைத்தது. மைக்குக்கு ஃபிரிட்ஜின் உறுமல் ஆகாது, அதனால் பதிவுக்கு முன் அணைக்க வேண்டும். அணைத்தவன் மறுபடி போட மறந்துவிடுவான். சாவி உள்ளே இருந்தால் கிளம்பும்போது கதவைத் திறந்தே தீர வேண்டும், அப்போது ஞாபகம் வந்துவிடும். உலகம் முழுக்க ஒலிப்பதிவாளர்கள் கையாளும் உத்திதான் இது. நம் தம்பி விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல்: அவன் போவது பறக்கும் ரயிலில். ஸ்கூட்டர் அப்பாவுடையது. காலையில் அப்பா சாவியைத் தேடுகிறார், அம்மா பொங்கி வழிந்த மாவைத் துடைக்கிறாள், தம்பி அதற்குள் தரமணியில் இறங்கியிருக்கிறான்.

'தம்பி' என்றது எழுத வசதிக்காக. இந்த இனத்தில் தங்கைகளும் நிறைய. அவர்களுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. ஆரம்பத்தில் தமிழ்ப்படம் பேச வேண்டுமென்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேற வேண்டும். 1934-இல் ஏ. நாராயணன் சென்னையிலேயே ஸ்ரீநிவாஸா சினிடோன் ஸ்டூடியோவைத் தொடங்கி 'ஸ்ரீநிவாச கல்யாணம்' எடுத்தார். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. தம்பிக்கு இந்தப் பெயர் தெரியாது. ஹாலிவுட் ஜாக் ஃபோலியின் பெயரை மட்டும் கூடப் பிறந்த பெரியப்பா பெயரைப் போல உரிமையோடு சொல்வான்.

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு அப்படி எதைத்தான் பதிகிறான்? ஒன்றுமில்லாததை. தொழிலில் அதற்கு ரூம் டோன் என்று பெயர். யாரும் பேசாதபோதும் ஓர் அறை சும்மா இருப்பதில்லை. மெல்லிய முனகல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். எடிட்டிங்கில் வசனத்தை வெட்டும் இடத்தில் அந்த முனகலும் அறுந்துபோனால், என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவனுக்கு ஏதோ பிசகியது தெரிந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான், படப்பிடிப்பு முடிந்ததும் அதே அறையில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து வெறுமையைப் பதிந்துகொள்வார்கள். சாலிகிராமத்து ஸ்டூடியோவில் இது நடக்கும். மந்தைவெளிப் பக்கம், பாட்டி இருக்கும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில்? "எல்லாரும் அமைதி... ரோலிங்!" என்பான். மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பார்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகும். பறக்கும் ரயில் போகும். பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி தெருமுனையில் திரும்பும். எல்லாம் ஓய்ந்து ஒரு நொடி அமைதி வாய்க்கும்போது பாட்டி கேட்பாள்: "ஆச்சாடா?"

அவன் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. மெட்ரோவின் மூன்றாம் தடமும் நான்காம் தடமும் சந்திக்கும் இடம் மயிலாப்பூர். அதனால் பூமிக்கடியில் துளைப்பதும் மேலே தட்டுவதுமாக வருடக்கணக்கில் ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது. பனகல் பார்க்கிலும் அதே கதைதான். ஆனால் சென்னைக்கும் மைக்குக்கும் ஆகாதது புதிதல்ல. பேசும்படம் வந்த காலத்தில் சூரிய வெளிச்சத்தை நம்பித் திறந்தவெளியில் செட் போட்டார்கள். வசனத்தையும் பாட்டையும் அங்கேயே பதிந்தார்கள். கதாநாயகி உருகும் நேரம் பார்த்துக் காக்கைகள் கச்சேரி தொடங்கும். காக்கையைச் சுட்டு விரட்டவே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாவைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். டப்பிங் தியேட்டர் வந்ததும் காக்கைகள் பிழைத்தன. இப்போது தம்பி வந்து, "டப்பிங்கில் உயிரில்லை, சிங்க் சவுண்டுதான் சினிமா" என்கிறான். கமல்ஹாசன் 2004-இல் 'விருமாண்டி'யைப் படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிப்பதிவு செய்து எடுத்ததைச் சாட்சிக்கு அழைக்கிறான். சரிதான், ஆனால் அங்கே பாட்டி இல்லை.

வெளியே போனால் அவனைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். கறுப்பு டீ-ஷர்ட். ஹெட்போன் காதில் இருப்பதைவிடக் கழுத்தில் இருப்பதே அதிகம். கையில் நீளக் கம்பு. அதன் நுனியில் மைக். மைக்கைச் சுற்றி, காற்று இரையாமல் இருக்க, முடி அடர்ந்த உறை. தொழிலில் அதை 'டெட் கேட்' என்கிறார்கள், செத்த பூனை. வடக்கு மாட வீதியில் அதைப் பூக்காரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னா தம்பி இது, கீரிப்புள்ளையா? கடிக்குமா?"

"மைக்கும்மா. நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

"இதாண்ட இன்னாத்தப் பேசுறது? முழம் எவ்ளோனு அது கேக்குமா?"

அதுவும் பதிவாகியிருக்கிறது. அவன் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் ஊரே உள்ளே இருக்கிறது: 'மாடவீதி_பூ_பேரம்_04', 'ரங்கநாதன்தெரு_சனிக்கிழமை_07', 'பஸ்ஸ்டாண்ட்_சில்லறைச்சண்டை', 'பாட்டி_இருமல்_நிஜம்', 'பாட்டி_இருமல்_விருந்தாளிகிளம்பணும்'. கடைசி இரண்டையும் நொடிக்கு 48,000 மாதிரிகளாக எடுத்து வைத்திருக்கிறான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத விருந்தாளிகள் இன்னும் வந்துபோகிறார்கள்.

காட்சிக்கு வேண்டிய ஓசைகளைக் கைக்குக் கிடைத்த பொருள்களால் எழுப்பும் ஃபோலி வகுப்பு தொடங்கியதும் சமையலறைக்குக் கஷ்டகாலம். கொட்டாங்குச்சி குதிரைக் குளம்பாயிற்று. ஈரத்துண்டு சண்டைக் காட்சி அறையாயிற்று. வெளிநாட்டில் எலும்பு முறியும் சத்தத்துக்குச் செலரித் தண்டை ஒடிப்பார்களாம். இங்கே அது ஏது? சாம்பாருக்கு அம்மா வாங்கி வைத்த முருங்கைக்காய்கள் ஒரு வில்லனின் இரண்டு கைகளாகவும் ஒரு முழங்காலாகவும் முறிந்து போயின. அன்றைக்கு ரசம்.

ஒலி மட்டும் என்றால் காதோடு போயிருக்கும். அடுத்த பருவத்தில் கதாபாத்திர வடிவமைப்பு என்றொரு பாடம் வந்தது. அனிமேஷன்காரர்களின் அரிச்சுவடி அது: வட்டம் சாது, சதுரம் உறுதி, முக்கோணம் ஆபத்து. எந்தக் கதாபாத்திரத்தையும் முதலில் வெறும் நிழலாக வரைந்து பார்க்க வேண்டும். கண் மூக்கு இல்லாமலே ஆள் தெரிந்தால்தான் வடிவம் சரி. படித்த அன்றே தம்பி குடும்பத்தை வரைந்துவிட்டான். அப்பா சதுரம். பெரியப்பா கொஞ்சம் நசுங்கிய சதுரம். மாம்பலத்து அத்தை, இரண்டு பக்கமும் கூர்மையான முக்கோணம். தாளை ஒளித்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, கலைஞன் அல்லவா?

நிழல் சோதனையைப் பாட்டிக்கு விளக்கினான். பாட்டி அசரவில்லை. "அறுபத்துமூவர் அன்னிக்கி வந்து பாரு. அத்தனை நாயன்மார் வரிசையா வரச்சே, காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பா. எலும்பும் தோலுமா. இருட்டுல வந்தாக்கூட யாருன்னு தெரியும். இதுக்கு உங்க வாத்தியார் தனியா ஃபீஸ் வேற வாங்கறாரா?"

வடிவத்துக்குப் பிறகு வரலாறு. கதாபாத்திரம் திரையில் வருமுன் அது எங்கே பிறந்தது, எதற்குப் பயப்படும் என்றெல்லாம் எழுதியாக வேண்டும். தம்பியின் குறும்படத்தில் டீ கொண்டுவந்து வைக்கிற ஒருவர் உண்டு. அவருக்கு வசனம் கிடையாது. முகம்கூட ஃபிரேமுக்கு வெளியே. அவருக்காக எழுதிய வாழ்க்கை வரலாறு ஒரு நீள நோட்டு: சீர்காழியில் பிறப்பு, தங்கை கல்யாணக் கடன், நாயைக் கண்டால் நடுக்கம். நடிக்க வந்த நண்பன் படித்து முடித்துவிட்டுக் கேட்டான்:

"மச்சி, இதெல்லாம் எதுலடா தெரியும்?"

"நீ டம்ளரைப் பிடிக்கிறதுல."

மனிதர்களை நேரில் பார்த்துப் படி என்று வகுப்பில் சொன்னார்களாம். நல்ல அறிவுரை. 'திருவருட்செல்வ'ரில் (1967) அப்பராக வந்தபோது காஞ்சிப் பெரியவரின் சாயலை மனத்தில் வைத்து நடித்ததாகச் சிவாஜி சொல்லியிருக்கிறார். தம்பி லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து, நடைப்பயிற்சிக்கு வருகிற ஓய்வுபெற்றவர்களின் நடையை நோட்டில் குறிக்கலானான். நான்காவது சுற்றில் அவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் அவன் எந்தத் தெரு என்றார், இன்னொருவர் எந்த பாங்க்கில் அப்பா வேலை என்றார், மூன்றாமவர் ஏன் சி.ஏ. படிக்கவில்லை என்றார். திரும்பி வந்தபோது அவனுடைய வாழ்க்கை வரலாறுதான் அவர்களிடம் முழுதாக இருந்தது.

இவ்வளவு காதும் கண்ணும் வைத்துக்கொண்டு தம்பி எடுக்கிற படம் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். எல்லாத் தம்பிகளும் எடுக்கிற அதே படம்தான். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் உடைந்து நிற்கிறதே பாலம், அதில் ஓர் இளைஞன் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான். காற்று வீசுகிறது. பேசுவதில்லை. ஏன் பேசவில்லை என்றால், "பேசினால் நாடகம் ஆகிவிடும்" என்பான் தம்பி. 'பேசும் படம்' (1987) வசனமே இல்லாமல் ஓடவில்லையா என்று மடக்குவான்.

ஓடியது. ஆனால் அந்தப் படம் சத்தத்தால் ஆனது. ஆடம்பர ஓட்டல் அறையின் நிசப்தத்தில் கமலுக்குத் தூக்கம் வராது. பழைய அறைக்குப் பக்கத்து சினிமாக் கொட்டகை இரைச்சலை டேப்பில் பதிந்துகொண்டு வந்து போட்டுக் கேட்ட பிறகுதான் குறட்டை. அந்த ஆள் யார், எங்கிருந்து வந்தவன் என்பதை ஒரு டேப்ரெக்கார்டர் சொல்லிவிட்டது. அதை இயக்கிய சிங்கீதம் சீனிவாசராவே மூன்று வருடம் கழித்து, மந்தைவெளிக்காரரான கிரேஸி மோகனின் வசனத்தோடு, 'மைக்கேல் மதன காமராஜன்' எடுத்தார். அதில் யாரும் வாயை மூடுவதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர் காமேஸ்வரனை மற்ற மூன்று கமல்களோடு குழப்பிக்கொள்ள முடியாது. வட்டமும் சதுரமும் வரையாமலே முடித்த வடிவமைப்பு.

தம்பியின் அடுத்த திட்டம் 'ஒத்த செருப்பு' மாதிரி ஒன்று. 2019-இல் பார்த்திபன் தன்னந்தனியாகத் திரையை நிறைத்த படம். விசாரிக்கிற போலீஸ் முதல் மகன் வரை மற்ற எல்லோரும் குரல்கள்தான். ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்கு தேசிய விருது கிடைத்தது. ஒரே நடிகரை வைத்துப் படம் எடுப்பதில் தம்பிகளுக்கு உள்ள ஈர்ப்பு கலை சார்ந்தது மட்டுமல்ல; இரண்டாவது நடிகருக்குச் சாப்பாடு வாங்க வேண்டாம். ஆனால் அங்கே திரையில் தெரியாத ஒவ்வொருவருக்கும் குரலிலேயே உடம்பு இருந்தது. பூக்காரம்மாவையும் சில்லறைச் சண்டையையும் ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வைத்துவிட்டு ஊமைப் பையனைப் பாலத்தில் உட்கார வைக்கிறவனிடம் இதை யார் சொல்வது? நான் சொன்னேன். ஹெட்போனைக் கழுத்திலிருந்து காதுக்கு ஏற்றிக்கொண்டான்.

கடைசியில் அவன் கையிருப்பு வெளியே வந்தது சினிமாவில் அல்ல, தி. நகரில் நடந்த ஒரு வளைகாப்பில். குடும்பத்தில் சினிமா படிக்கிறவன் இருக்கும்போது வீடியோவுக்கு எதற்குத் தனியாக ஆள் என்று மாம்பலத்து அத்தை முடிவு செய்துவிட்டாள். தம்பி கொடுத்த வீடியோவில் முகங்கள் மிகவும் குறைவு. வளையல் அடுக்குகிற ஓசை, பட்டுப்புடவைச் சரசரப்பு, சித்ரான்ன வாளி தரையில் உரசுவது, பின்னணியில் அத்தை சமையல்காரரைக் கூப்பிடுவது, மறுபடி கூப்பிடுவது, பிறகு அவர் பெயரைச் சொல்லாமல் கூப்பிடுவது. பெரியப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். அத்தை கடைசிவரை கேட்டாள்.

"எங்க சஷ்டியப்தபூர்த்திக்கும் நீயே எடுத்துடு. இதே மாதிரி சத்தம் மட்டும். போன தடவை ஒருத்தன் எடுத்தான், என்னை ரெண்டு ஆளா காட்டிட்டான்." தம்பி பூரித்துப் போனான். அத்தை விடவில்லை. "ஆமா, எல்லாரையும் ஏதோ வடிவத்துல போட்டிருக்கியாமே, பாட்டி சொன்னா. நான் என்ன?"

முக்கோணம் என்று சொல்ல வாயெடுத்தவன், வாழ்க்கையில் முதல்முறையாக வசனத்தை அங்கேயே மாற்றினான். "நீங்க வட்டம் அத்தை. நல்லவங்களைத்தான் வட்டமா போடுவோம்."

"குண்டுன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்டா!"