வாக்கிங், 1-0-1

சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, இவை இரண்டும் வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க இன்னொன்று என்று மாத்திரைகளை எழுதி, பக்கத்தில் 1-0-1 போட்டு, கையெழுத்தும் கிறுக்கி முடித்த பிறகு, அடுத்த டோக்கனுக்கு மணியை அழுத்திக்கொண்டே டாக்டர் சொல்வார்: "அப்புறம்... டெய்லி வாக்கிங் போங்க." நோயாளி அதற்குள் பாதி எழுந்து, கழற்றிப்போட்ட செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருப்பார். கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு, வாசல்படி இறங்கும்போது "அவசியம் வந்துடுங்க" என்று சொல்வோமே, அதற்கு உள்ள மரியாதைதான் இதற்கும். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மருந்துச் சீட்டில் ஏறாதது மருந்தில்லை என்பது நம் ஜனங்களின் சித்தாந்தம். ஊசி போடாத டாக்டருக்குக் கொடுத்த ஃபீஸே வீண் என்று நினைக்கிறவர்களிடம், விலையில்லாத, நிறமில்லாத, கசக்கக்கூட இல்லாத ஒன்றை வாய்வார்த்தையாகச் சொன்னால் எடுபடுமா? நடையையும் சீட்டில் எழுத வேண்டும், அளவோடு, வேளையோடு. என் கட்சி அவ்வளவுதான்.

இது மருந்துதானா என்று கேட்பவர்கள் லண்டன் பஸ்ஸில் ஏற வேண்டும். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் அந்த ஊர் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் 'லான்செட்' இதழில் எழுதினார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்குமாக நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் தாமதமாகவே வந்தது. (சென்னையில் இந்த ஆராய்ச்சியை நடத்தியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். இங்கே கண்டக்டர் சீட்டில் சாய்ந்திருக்க, காசும் டிக்கெட்டும் கை மாறிக் கை மாறிப் போய் வரும். உடற்பயிற்சி முழுக்கப் பயணிகளுக்கு.) "குண்டாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்கே போனார்களோ என்னவோ?" என்று ஒரு ஆட்சேபம் எழுந்தது. நியாயமான கேள்வி. மாரிஸ் அதையும் விடவில்லை. பஸ் நிர்வாகம் சீருடை தைத்துக்கொடுத்த கணக்கை வாங்கி, கால்சட்டை இடுப்பளவைப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லி டிரைவரை ஒல்லி கண்டக்டரோடும், தொந்தி டிரைவரைத் தொந்தி கண்டக்டரோடும் நிறுத்திப் பார்த்தபோதும் டிரைவர் பக்கம்தான் ஆபத்து அதிகம். தையற்காரர் குறிப்பை வைத்து இதயத்தைப் படித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

லண்டன் தூரம் என்றால் சென்னைக்கே வரலாம். சர்க்கரை நோயின் வாசல்படியில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள்: 28.2. அதாவது ஒழுங்காக நடந்து, வாயையும் கட்டியவருக்கு மாத்திரை கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை. சோற்றைக் குறைத்ததற்கும் இதில் பங்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் மாத்திரைக்குச் சமமாக ஓடும் ஒரு சரக்கு சீட்டுக்கு வெளியே நிற்பது என்ன நியாயம்?

டாக்டருக்கு நேரம் ஏது என்பார்கள். உண்மைதான். 67 நாடுகளைப் பற்றிய கணக்கொன்றில் டாக்டர் நோயாளியைப் பார்க்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்காளதேசத்தில் 48 விநாடி. நம் ஊர் எந்தப் பக்கத்துக்கு நெருக்கம் என்று டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் எழுத 5 விநாடி போதும். நியூசிலாந்தில் 1998 முதல் 'பச்சைச் சீட்டு' என்றே ஒன்று இருக்கிறது. அதில் உடற்பயிற்சியை எழுதிக் கொடுக்கிறார்கள். 878 பேரை வைத்துச் சோதித்தபோது, எழுதி வாங்கி, அப்புறம் போனிலும் விசாரிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு 34 நிமிடம் அதிகம் அசைந்தார்கள். பெரிய புரட்சியில்லை. ஆனால் நம் 'அப்புறம் வாக்கிங்' அந்த 34 நிமிடத்தையாவது தருகிறதா?

"வீட்டு வேலையே பெண்டு நிமிர்த்துது, தனியா வாக்கிங் வேறயா?" என்று கேட்கும் அம்மாக்களிடம் வாதாடுவது கடினம், வாதாடவும் வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து அசைந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் உலக சுகாதார நிறுவனம் எடுத்துவிட்டது; துண்டு துண்டாக அசைந்தாலும் கணக்கில் சேரும். ஆனால் மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும்: பேச முடியும், பாட முடியாது, அதுதான் பதம். பூங்காவில் அரசியல் பேசிக்கொண்டே ஆடி அசைந்து போய், வாசலில் வடையும் காபியும் முடிக்கும் கோஷ்டிகள் தாராளமாகக் கச்சேரியே பண்ணலாம். சாலையில் நடக்க இடமில்லை என்ற புகாருக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது நல்ல காரியம். அந்த இடம் வரை போவதற்குத்தான் பலருக்கு கார் வேண்டியிருக்கிறது. டாக்டருக்கே தொந்தி இருக்கிறதே என்பது ஆட்சேபமே இல்லை. அவர் எழுதும் சர்க்கரை மாத்திரையை அவரும் விழுங்கிக் காட்ட வேண்டும் என்றா கேட்கிறோம்?

ஆக, 'நடை, 30 நிமிடம், 1-0-0, வாரம் ஐந்து நாள்' என்று சீட்டில் ஏறட்டும். ஒரு சிக்கல் வரும். மெடிக்கல் ஷாப் பையன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்து, உள்ளே போய் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கிளறிவிட்டுத் திரும்பி வந்து கேட்பான்: "இது ஸ்டாக் இல்ல சார். வேற கம்பெனி தரட்டுமா?"