இழுபலகை இயல்: ஃபிரிட்ஜை டிக்கியிலிருந்து வெளியே இழுப்பது குறித்த ஆய்வுக்கு ஓர் அறிமுகத்தின் முன்னுரை

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் புழுதிச் சாலைகளில் வாரக்கணக்கில் சுற்றுகிறவர்கள் வண்டியின் டிக்கியில் ஒரு ஃபிரிட்ஜை ஏற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் பக்கக் கதவு கிடையாது, மேல்மூடிதான். குளிர்ந்த காற்று கனமானது. பக்கத்தில் திறந்தால் வழிந்து ஓடிவிடும், மேலே திறந்தால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மேல்மூடியைத் திறக்க மேலே இடம் வேண்டும், டிக்கிக்கு மேலே கூரை இருக்கிறது. ஆகவே பெட்டியை வெளியே இழுக்க வேண்டும். இழுக்க ஒரு பிளைவுட் பலகை, பலகைக்கு இரண்டு தண்டவாளங்கள். விஷயம் இவ்வளவுதான். இதை ஒரே பத்தியில் சொல்லிவிட முடிகிறது என்பதே இத்துறையில் முறையான ஆய்வு இதுவரை நடக்கவில்லை என்பதற்குச் சான்று.

இவ்வாய்வு முன்னுரை, முடிவுரை நீங்கலாக ஐந்து இயல்களைக் கொண்டது. ஏன் ஐந்து என்று கேட்பவர் முனைவர் பட்டம் பெறாதவர். கருதுகோள்: இழுத்தால் வரும். முதன்மைச் சான்று பலகை. துணைமைச் சான்று, பலகை செய்தவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று யோசனை சொன்னவர்கள்.

இயல் ஒன்று: சொற்பிறப்பு. இவ்வியல் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது.

இயல் இரண்டு: வரலாறு. 1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்க வயல்களில் மரச்சட்டத்தைச் சுற்றி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, மேலே தண்ணீர்த் தட்டு வைத்து, ஆவியாதலின் குளிர்ச்சியில் இறைச்சியைக் கெடாமல் காத்தார்கள். கூல்கார்டி பெட்டி என்று அதற்குப் பெயர். அதற்கு முந்தைய காலத்துக்குச் சான்றுகள் இல்லை. ஆகவே நம் ஆய்வாளர்களுக்கு அங்கேதான் வசதி. குமரிக்கண்டம் ஆஸ்திரேலியாவைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. தொட்டுக்கொண்டிருந்தால் நடந்து போயிருப்பார்கள், நடந்து போனால் கட்டுச்சோறு கொண்டுபோயிருப்பார்கள், கட்டுச்சோறு ஊசிப்போயிருக்கும். ஆகவே இழுபலகை தமிழருடையதே. இதை நான் எழுதாவிட்டால் அடுத்த கருத்தரங்கில் வேறொருவர் எழுதிவிடுவார் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

இயல் மூன்று: பாடபேதம். பலகையின் அளவுகள் ஒரு ஹார்ட்வேர் கடை ரசீதின் மீது பென்சிலால் குறிக்கப்பட்டுக் கிடைத்துள்ளன. ‘ரசீதுச் சுவடி’ என இனி இது சுட்டப்படும். வெப்பத்தில் கறுக்கும் காகிதம் அது. வெயிலில் டேஷ்போர்டில் கிடந்ததால் நடுப்பகுதி கறுத்துவிட்டது. நீளம் என்னுமிடத்தில் ‘720’ என்றும் ‘120’ என்றும் படிக்க இடமுண்டு, மில்லிமீட்டரில். 120 என்பதே மூலபாடம் என்பார் ஓர் உரையாசிரியர்; கடினமான பாடமே பழைய பாடம் என்பது அவர் கொள்கை. 120 மில்லிமீட்டர் பலகையில் 40 லிட்டர் ஃபிரிட்ஜ் நிற்காதே என்றால், அக்காலத்து ஃபிரிட்ஜ்கள் மெலிந்திருந்தன என்று விளக்கம் எழுதியிருக்கிறார். அவ்விளக்கத்துக்கு அவர் காட்டும் ஆதாரம் அவருடைய முந்தைய கட்டுரை. அந்தக் கட்டுரையின் ஆதாரம் ‘மேலது’. மேலதைப் புரட்டினால் ‘அச்சில்’ என்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே இருக்கிறதே, டேப்பை வைத்து அளந்துவிடலாமே என்று ஒரு மாணவி கேட்டார். கள ஆய்வு இவ்வியலின் எல்லைக்குள் வராது என்று அவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது.

ஆதாரம் காட்டும் முறை பற்றி இங்கே ஒரு குறிப்பு. நம் இலக்கணிகள் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் முடித்தார்கள். எந்தப் புலவர், எந்த ஊர், எத்தனையாம் பக்கம் என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. அதே சலுகை எனக்கும் உண்டு என்ப.

இயல் நான்கு: பாரம். ஃபிரிட்ஜ் காலியாகவே சுமார் 20 கிலோ இருக்கும். இறைச்சியும் பாலும் பியரும் நிரப்பினால் 50 கிலோவைத் தொடும். பலகையை முழுக்க இழுத்தால் பாரத்தின் மையம் டிக்கி விளிம்புக்கு 40 செ.மீ. வெளியே அந்தரத்தில் நிற்கும். அப்போது விளிம்பு நெம்புகோலின் ஆதாரமாகிவிடுகிறது. விளிம்புக்கு 60 செ.மீ. உள்ளே, ஸீட் பக்கம் இருக்கும் போல்ட்டுகளை அந்தப் பாரம் சுமார் 33 கிலோ விசையோடு மேல்நோக்கிப் பிடுங்கும். கண்ணுக்குத் தெரிவது விளிம்புப் பக்கம் என்பதால் பருத்த போல்ட்டை அங்கே போட்டுவிட்டு, உள்கோடியில் நாலு மரத்திருகாணியோடு முடித்துக்கொள்ளும் மரபு ஒன்று உண்டு. விளிம்புப் பக்கம் அழுந்துகிறது, உள்பக்கம் பிடுங்குகிறது. பருத்த போல்ட் உள்ளேதான் போக வேண்டும், தரைத் தகட்டுக்கு அடியில் அகன்ற வாஷரோடு. துளை போடுமுன் தகட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கவும். பெட்ரோல் டாங்க் அங்கேதான் இருக்கும் என்மனார் புலவர். இந்த ஓரிடத்தில் புலவரை நம்பலாம். மூன்றாம் வரிசை ஸீட்டைக் கழற்றிவிட்டு அதன் போல்ட் துளைகளையே பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை.

கனரகத் தண்டவாள ஜோடி ஒன்று 227 கிலோ தாங்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருப்பார்கள். ஏன் 225 அல்ல, ஏன் 230 அல்ல என்று ஒரு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். 500 பவுண்டைக் கிலோவாக்கினால் 227 வரும். ஆகவே செய்ய வேண்டாம்.

தண்டவாளம் உள்ளே தள்ளிய நிலையிலும் பூட்ட வேண்டும், வெளியே இழுத்த நிலையிலும் பூட்ட வேண்டும். வெளிப்பூட்டு இல்லாமல் சரிவில் வண்டியை நிறுத்தினால், தக்காளி எடுக்கும் விரலின் மீது 50 கிலோ திரும்பி வரும். உள்பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சுமைக்கட்டு வழிகாட்டி கணக்குச் சொல்கிறது: முன்பக்கம் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதத்தையும், மேல்நோக்கி 20 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். நம் ஃபிரிட்ஜுக்கு முறையே 40, 25, 10 கிலோ. தெளிவான உரைநடையில் எழுதப்பட்ட நூல் அது. ஆகவே அறிஞர் எவரும் மேற்கோள் காட்டியதில்லை.

போல்ட்டுகள் ஏன் தளர்கின்றன? சாலையில் அலை அலையாக விழும் மேடுபள்ளங்களால். கீத் மேதர் என்ற இயற்பியலாளர் வட்டத் தடத்தில் மணலைப் பரப்பி, அதன் மீது ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அலைகள் தாமாகவே எழுந்தன. 1963இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அதை எழுதினார். இந்த ஆய்வேட்டில் ஆசிரியர் பெயரோடும் ஆண்டோடும் வரும் ஒரே மேற்கோள் இதுதான். புறத்தேர்வாளர் ஐயப்பட்டுச் சிவப்பு மையால் வட்டமிட்டதும் இதைத்தான்.

இயல் ஐந்து: பிணைப்பு. பலகை வண்டியோடு பிணைந்தாகிவிட்டது. ஃபிரிட்ஜ் பலகையோடு எப்படிப் பிணையும்? இங்கே சம்பிரதாயம், வைணவத்தைப் போலவே, இரண்டாகப் பிரிகிறது. முதல் கட்சி, ஃபிரிட்ஜின் ரப்பர் கால்களைக் கழற்றிவிட்டு, கால் இருந்த மரையிலேயே பலகைக்கு அடியிலிருந்து போல்ட்டை ஏற்றும். ஃபிரிட்ஜ் தன் காலால் தானே பலகையைப் பற்றிக்கொள்கிறது. தாயின் வயிற்றைக் குட்டி கவ்விக்கொள்ளும் மர்க்கட நியாயம் இது, ஆகவே இவர்கள் வடகலையார். மற்றக் கட்சி ஃபிரிட்ஜை எதுவுமே செய்யவிடாது. அது சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு பெல்ட்டுகள் அதன் கைப்பிடிகளைப் பற்றிப் பலகையோடு இழுத்துப் பிடிக்கும். குட்டியின் பிடரியைத் தாய்ப்பூனை கவ்விச் செல்லும் மார்ஜார நியாயம், தென்கலையார்.

வடகலையார் வாதம்: பெல்ட் நெகிழும், அலைச்சாலையில் தளரும், தளர்கிறதே என்று ராட்செட்டைப் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் கைப்பிடி உடையும். கிருபைக்கும் ஓர் அளவு உண்டு. தென்கலையார் மறுப்பு: ஊர் திரும்பியதும் ஃபிரிட்ஜை வீட்டுக்குள் தூக்கிச் செல்ல வேண்டாமா? நாங்கள் பெல்ட்டைத் தட்டிவிட்டுத் தூக்குவோம். நீங்கள் மல்லாந்து படுத்து, ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நட்டைத் தடவுவீர்கள். சுய முயற்சியின் பலன் அதுவே. வடகலையார் எதிர்மறுப்பு: தடவும்போது கீழே விழும் வாஷரைப் பற்றி எங்கள் உரைநூலில் தனிப் படலமே உண்டு; அது எங்கும் போகாது, வண்டி ஓடும்போதெல்லாம் சத்தமாகத் தன் இருப்பை உணர்த்தும். தென்கலையார் இதை நாத்திகம் என்றனர். பின்னால் ஒருவர் போல்ட்டும் போட்டு பெல்ட்டும் கட்டினார். அவரை இரு கட்சியும் சேர்ந்து விலக்கிவைத்தன. கோயில் யானைக்கு எந்த நாமம் என்று வழக்காடியதாகக் கதை சொல்லும் மரபு நமக்கு இருப்பதால், மூடியின் மேல் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் குறித்து நான் கருத்துச் சொல்வதற்கில்லை.

மின்சாரம்: ஒயரைத் தளர்வாக விடுக, தண்டவாளத்தில் நசுங்காமல் பார்த்துக்கொள்க. காற்றோட்டம்: ஃபிரிட்ஜின் பக்கத்துச் சல்லடையைப் போர்வையால் அடைக்காதீர்கள். இவை இரண்டும் உண்மையிலேயே முக்கியமானவை. அதனால்தான் இயல் ஒதுக்கவில்லை.

ஃபூக்கோ எங்கே என்று நெறியாளர் கேட்டார். நான்காம் இயலில் உள்பூட்டைப் பற்றிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மேலாய்வுக்கு உரியது மூடியின் கீல். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே, பலகையைப் பாதி இழுத்தால் போதுமா, முழுக்க இழுக்க வேண்டுமா, நிற்பவர் எந்தப் பக்கம் நிற்பது என்பதெல்லாம் முடிவாகும். வண்டி உயரமென்றால், இழுத்தபின் கீழே இறங்கும் பலகையும் வேண்டும். குள்ளமானவர்கள் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக் கிடைத்ததைச் சமைக்க நேர்வது அது இல்லாதபோதுதான். இதற்காக என்னிடம் இரண்டு மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு இடப்பக்கக் கீல், மற்றவருக்கு வலப்பக்கக் கீல். முதல் மூன்று இயல்கள் இருவருக்கும் பொது.