கொண்டை ஊசிக் கலோரி

காரவள்ளி தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும், மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் மணிக்கட்டில் அதிர்ந்தது. உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் 'ஆமாம்' என்று தொட்டுவைத்தேன். வலிய வரும் புகழை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே லாரி வந்தால் நம் பேருந்து பின்வாங்கி வழிவிடும். அப்போது கடைசி இருக்கைக்காரருக்குப் பள்ளத்தாக்கு இலவச தரிசனம். கடைசி இருக்கை என்னுடையது. நாடித்துடிப்பு 120.

துடிப்பை வைத்துக் கலோரியைச் சொல்ல 2005இல் கீட்டெல் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஒரு சூத்திரம் தந்தார்கள். என் வயது 52, எடை 78 கிலோ, துடிப்பு 120 என்று போட்டால் நிமிடத்துக்கு 11 கலோரி. ஒரு மணி நேரம் உட்கார்ந்தே 660! உழைக்கும் தசை ஆக்சிஜன் கேட்கும், இதயம் வேகமாக அடித்து அனுப்பும். அந்த உறவுதான் கணக்கின் அடிப்படை. பயத்தில் அட்ரினலின் இதயத்தை மட்டும் விரட்டுகிறது, தசை சும்மா கிடக்கிறது. தவிர, அவர்கள் அளந்தது முறையாக உடற்பயிற்சி செய்யும் 18 முதல் 45 வயதுக்காரர்களை. கம்பியைப் பிடித்தபடி குலதெய்வத்தைக் கூப்பிடுகிறவர்களை யாரும் அளக்கவில்லை.

அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது பெரிய விஷயமில்லை. ஏறுவதில்தான் மலை தன் சுயரூபத்தைக் காட்டும். படிக்கு அரை அடி வைத்தால் 150 மீட்டர் உயரம். 78 கிலோவை அவ்வளவு தூரம் தூக்க, உடம்பின் திறன் 20, 25 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 110 முதல் 140 கலோரிக்குள் முடிந்துவிடும். மலைவாழைப்பழம் இரண்டு தின்றால் கணக்கு நேர். வாட்ச்சோ அதைப் போல மூன்று மடங்கு காட்டியது. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய நேரத்துக்கும் சம்பளம் போட்டிருந்தது. உட்கார்ந்தாலும் துடிப்பு உடனே இறங்குவதில்லையே.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் 60 பேரிடம் ஏழு வகைக் கைப்பட்டைகளைச் சோதித்தது. நாடித்துடிப்பை ஆறு பட்டைகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் இருப்பதிலேயே யோக்கியமானது 27 சதவீதம் தவறு. மோசமானது 93.

தலையில் அன்னாசிக் கூடையோடு ஏறிவந்த ஓர் அம்மா, "ஏனுங்க, பாதிகூட வரலீங்களே, அதுக்குள்ள உக்காந்துட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார். அவர் கையில் என் வாட்ச்சைக் கட்டினால் என்னைவிடக் குறைவாகத்தான் காட்டும். பழகிய இதயம் நிதானமாக அடிக்கும். கூடையின் எடையும் வாட்ச்சுக்குத் தெரியாது. உழைப்பவருக்குக் கூலி குறைவு, மூச்சிரைப்பவருக்குப் போனஸ் என்ற ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் செய்தானோ!

மேலே வந்து முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கினேன். சைவர்களின் ஆட்டுக்கால் சூப் அது. மிளகு தூக்கலாக, நாக்கு பொத்துப்போகும் சூட்டில் இருந்தது. இதில் எத்தனை கலோரி என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அதெல்லாம் போடறதில்லீங்க. மிளகு, சீரகம், பூண்டு மட்டுந்தானுங்க."