வாங்கினாலும் 73, விற்றாலும் 73

அனுப்புநர்:
மேல்தளத்து மலிவு டிக்கெட் ரசிகன்

பெறுநர்:
உயர்திரு. ஆர்ட்டே மொரேனோ அவர்கள்,
உரிமையாளர், லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி,
ஏஞ்சல் ஸ்டேடியம், அனஹைம், கலிஃபோர்னியா.

(ஊர் அனஹைம், பெயர் லாஸ் ஏஞ்சலஸ். அனஹைம் நகராட்சியே வழக்குப் போட்டு 2006-இல் தோற்றுவிட்ட பிறகு, முகவரி எழுதுகிற நான் எம்மாத்திரம்?)

பொருள்: ஜூலை மாத ஆட்டக்காரர் கொடுக்கல் வாங்கல் – இனியாவது ஏதேனும் ஒரு பக்கம் சாயுமாறு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. 2022 சீசன்: 73 வெற்றி, 89 தோல்வி. 2. 2023 சீசன்: மேற்படி.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

2016 தொடங்கி 2025 வரை, பத்து சீசன்களிலும் தங்கள் அணி ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்றிருக்கிறது. ஒரு வருடம் தோற்க யாராலும் முடியும். பத்து வருடம் விடாமல் தோற்பதற்கு நிர்வாகத் திறமை வேண்டும். அதிலும் இந்த ஆட்டத்தின் மாபெரும் நட்சத்திரங்களான மைக் ட்ரவுட்டைப் பத்து வருடமும், ஷோஹே ஓத்தானியை ஆறு வருடமும் கையில் வைத்துக்கொண்டு தோற்பதென்றால் அபாரமான திறமை வேண்டும். முதற்கண் அதற்கு என் பாராட்டுகள்.

இந்த மனு ஜூலையைப் பற்றியது. தங்களுக்குத் தெரியாததல்ல, என்றாலும் பேஸ்பால் பழக்கமில்லாத என் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் 162 ஆட்டம். நாலு மாதம் ஆடியதும், ஜூலை முடிகிற தறுவாயில், முப்பது அணிகளும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்த வருடம் நாம் தேறுவோமா? தேறுவோம் என்றால், மைனர் லீக்கில் வளர்ந்துகொண்டிருக்கும் பையன்களைக் கொடுத்து, இன்றைக்கே ஆடத் தெரிந்தவர்களை வாங்க வேண்டும். தேற மாட்டோம் என்றால், ஒப்பந்தம் முடியப்போகிற பெரிய கைகளைக் கொடுத்து, பையன்களை வாங்கிக்கொள்ள வேண்டும். கெடு தாண்டினால் கடை மூடிவிடும். இவ்வளவுதான் விஷயம். பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் புரியும். தங்கள் அலுவலகத்துக்குத்தான் எட்டவில்லை.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 2 கெடு. அணி அதற்குள் படுத்துவிட்டது. சரி, விற்போம் என்று கிளம்பினீர்கள். நோவா சிண்டர்கார்டும் பிராண்டன் மார்ஷும் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார்கள். ரைசெல் இக்லேசியாஸ் அட்லாண்டாவுக்குப் போனார். ஃபிலடெல்ஃபியா அந்த வருடம் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை போயிற்று. பதிலுக்கு லோகன் ஓஹாப்பி என்ற கேட்சர் கிடைத்தார். அந்தப் பேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் இருந்த உண்மையான சரக்கு அவர்கள் யாரும் இல்லை. ஓத்தானிக்கு அப்போது ஒப்பந்தத்தில் ஒன்றரை சீசன் பாக்கி. அதே நாளில் வாஷிங்டன் அணி ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்குக் கொடுத்து, சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் என்று ஒரு கூட்டத்தையே ஓட்டிக்கொண்டு போனது. மூவருமே பின்னால் ஆல்ஸ்டார் ஆனார்கள். சோட்டோவுக்கு இரண்டரை சீசன் பாக்கியிருந்தது, அதனால் விலை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் சோட்டோ பந்து வீச மாட்டார். ஓத்தானி மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார்.

தாங்கள் ஓத்தானியை விற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அணியையே விற்கலாமா என்று பார்க்கப்போவதாக அறிவித்தீர்கள்! ஆட்டக்காரரைக் கொடுக்க மனமில்லாதவர் அணி மொத்தத்தையும் கொடுக்கத் துணிந்தாரே என்று நாங்கள் வியந்து முடிப்பதற்குள், 2023 ஜனவரியில் அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். விற்கிறேன் என்பார், விற்க மாட்டார்; இருக்கிறேன் என்பார், இருப்பதற்கான வேலையைச் செய்ய மாட்டார். அணியின் பத்து வருடக் கதை இந்த ஐந்து மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்து 2023. இங்கே நான் கொஞ்சம் தங்கள் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஜூலையில் ஓத்தானியை விற்கவில்லையே என்று தங்களை இன்றுவரை வசைபாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மாதம் மட்டுமே பாக்கியுள்ள ஆட்டக்காரருக்கு, அவர் யாராக இருந்தாலும், பெரிய விலை கிடைக்காது. அணியும் முழுக்கச் சாகவில்லை. அவர் எங்கும் போகவில்லை என்ற செய்தி வந்த மறுநாள், ஜூலை 27 அன்று, டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஓத்தானி கடைசிவரை தானே பந்து வீசி, ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து, எதிரணியை ரன்னே எடுக்கவிடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். இதைப் பார்த்த பிறகும் ‘விற்றுவிடுங்கள்’ என்று சொல்லக்கூடியவன் ரசிகனாக இருக்க மாட்டான், கணக்குப்பிள்ளையாகத்தான் இருப்பான்.

ஆகவே வைத்துக்கொண்டது சரி. வைத்துக்கொண்டு செய்ததுதான் விசித்திரம். விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்தீர்கள். எட்கர் கெரோ என்ற இளம் கேட்சரையும் கை புஷ் என்ற பிட்ச்சரையும் சிகாகோ வொய்ட் சாக்ஸுக்குக் கொடுத்து, லூகஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்கினீர்கள். இந்த கை புஷ், 2021 டிராஃப்டில் (புதுப் பையன்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தாங்கள் எடுத்த இருபது பேரில் ஒருவர். இருபது பேருமே பிட்ச்சர்கள்! ‘இனி இந்த ஊரில் பந்துவீச்சுக்குப் பஞ்சமே கிடையாது’ என்று அன்று நம்பினோம். இரண்டே வருடத்தில், பந்துவீச்சு போதவில்லை என்று சொல்லி அந்த இருபதில் ஒருவரைக் கொடுத்து வேறொரு பிட்ச்சரை வாங்கியாயிற்று. பிறகு கொலராடோவிலிருந்து சி.ஜே. கிரோனும் ராண்டல் கிரிச்சக்கும் வந்தார்கள்; நியூயார்க் மெட்ஸிலிருந்து டொமினிக் லியோன் வந்தார். வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆகஸ்ட் பிறந்தது.

56 வெற்றி, 51 தோல்வி என்ற நிலையில் கெடு நாள் விடிந்தது. அன்று தொடங்கி வரிசையாக ஏழு தோல்வி. ஜியோலிட்டோ தங்களுக்காக ஆறு ஆட்டங்களைத் தொடங்கி ஒன்றில் ஜெயித்தார், ஐந்தில் தோற்றார். ஆகஸ்ட் 23 அன்று ஓத்தானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. கெடு நாளிலிருந்து சீசன் முடியும்வரை கணக்குப் பார்த்தால் 17 வெற்றி, 38 தோல்வி. ஆட்களை வாங்கிப் பலப்படுத்திய அணியின் கணக்கு இது என்பதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

இதுவரை நடந்தது துரதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 29 அன்று நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது? ஒரே நாளில் ஆறு பேரை வெய்வரில் போட்டீர்கள். கெடுவுக்குள் வாங்கியவர்களில் ஜியோலிட்டோ, லோபஸ், லியோன், கிரிச்சக். கூடவே மேட் மூர், ஹண்டர் ரென்ஃப்ரோ. வெய்வர் என்றால் நடுத்தெருவில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வது. பதிலுக்கு ஒரு ஆளும் வராது. எடுத்துக்கொள்கிறவர் மீதிச் சம்பளத்தை மட்டும் கட்டினால் போதும். புள்ளிப்பட்டியலில் கீழே இருக்கிறவருக்கு முன்னுரிமை. கிளீவ்லேண்ட் வந்து ஜியோலிட்டோ, லோபஸ், மூர் மூவரையும் அள்ளிக்கொண்டு போனது. ரென்ஃப்ரோவை சின்சினாட்டியும் லியோனை சியாட்டிலும் எடுத்துக்கொண்டன. கிரிச்சக்கை மட்டும் யாரும் தொடவில்லை. வேண்டாம் என்று வாசலில் வைக்கப்பட்டு, எடுத்துப்போக ஆளில்லாமல், மறுபடி தங்கள் சட்டையையே போட்டுக்கொண்டு அந்த மனிதர் ஒரு மாதம் ஆடினார். சம்பளம் மில்லியன்களில் என்றாலும் மனுஷன்தானே.

காரணம் வரி. அந்த வருடம் சம்பளச் செலவு 233 மில்லியன் டாலரைத் தாண்டினால் லீக்குக்கு அபராத வரி கட்ட வேண்டும். பணத்தைவிட முக்கியமான சங்கதி ஒன்றும் அதில் இருந்தது. ஓத்தானி வேறு அணிக்குப் போனால் ஈடாக ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைக்கும். வரிக்கோட்டுக்குக் கீழே இருந்தால் இரண்டாம் சுற்று முடிந்ததும், மேலே இருந்தால் நான்காம் சுற்று முடிந்ததும். ஆறு பேரைத் தெருவில் வைத்துத் தாங்கள் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டீர்கள். எங்களுக்குத் தெரிந்து இந்த அணி குறி வைத்து அடித்த ஒரே இலக்கு அதுதான். டிசம்பரில் ஓத்தானி பத்து வருடத்துக்கு 700 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸுக்குப் போனார். தங்களுக்கு 2024 டிராஃப்டில் 74-ஆவது தேர்வு கிடைத்தது. ரயன் ஜான்சன் என்ற பிட்ச்சர். பையனைச் சொல்லிக் குற்றமில்லை; ஆனால் உலகமே வேடிக்கை பார்த்த ஒரு மனிதருக்குக் கிடைத்த ரசீது அது. அவர் போய்ச் சேர்ந்த இடம் ஒரு மணி நேரக் கார் தூரம். போன கையோடு 2024, 2025 இரண்டு வருடமும் உலகத் தொடரை வென்றது அந்த அணி.

சீசன் முடிந்தபோது பலகையில் 73–89. முந்தைய வருடம் விற்றபோதும் 73–89. ஆராய்ச்சி மாணவர்கள் கனவு காணும் பரிசோதனை இது. ஒரு வருடம் விற்றுப் பார்த்தாயிற்று, ஒரு வருடம் வாங்கிப் பார்த்தாயிற்று, ஒரு ஆட்டம்கூட வித்தியாசமில்லை. அதாவது கோளாறு ஜூலையில் இல்லை. ஜூலைக்குள் வரும்போதே இந்த அணி எந்தப் பக்கமும் ஆகாத நிலையில் வருகிறது. மேலே இரண்டு மூன்று பெரிய சம்பளம், கீழே மைனர் லீக்கில் வெற்றிடம், நடுவில் வேறு அணிகள் கழித்துக் கட்டியவர்கள். ஆந்தனி ரெண்டோனுக்கு ஏழு வருடத்துக்கு 245 மில்லியன் டாலர். அவர் எந்த வருடமும் 60 ஆட்டத்தைத் தொடவில்லை. ட்ரவுட்டுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு 426.5 மில்லியன், அவர் வாழ்நாளில் ஆடிய பிளேஆஃப் ஆட்டம் மொத்தம் மூன்று, எல்லாம் 2014-இல். இந்த வீட்டில் ஜூலையில் ஒரு ஜன்னலை மாற்றினால் என்ன, கதவை மாற்றினால் என்ன?

அதே 2023-இல் நியூயார்க் மெட்ஸ் செய்ததை ஒரு நிமிடம் பார்க்கக் கோருகிறேன். அந்தச் சீசனில் லீக்கிலேயே பெரிய சம்பளப் பட்டியல் அவர்களுடையது. அணி தேறாது என்று ஜூலையில் தெரிந்ததும், மேக்ஸ் ஷெர்ஸரை டெக்ஸஸுக்கும் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்கும் கொடுத்தார்கள். போகிறவர்களின் சம்பளத்தில் பெரும் பங்கையும் தாங்களே கட்டினார்கள், நல்ல பையன்கள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. வந்த பையன்கள் எல்லாரும் நட்சத்திரம் ஆகிவிடவில்லை. ஆனால் ‘இந்த வருடம் நாங்கள் தோற்றுவிட்டோம்’ என்று ஊரறியச் சொல்ல அந்த முதலாளிக்கு வாய் வந்தது. மறு வருடம் அந்த அணி நேஷனல் லீக் இறுதித் தொடர் வரை போனது.

தங்களுக்கு அந்த வாய் வராது என்பதை 2025 காட்டிவிட்டது. ஜூலை முடியும்போது வெற்றியைவிடத் தோல்வி அதிகம். இருந்தும் ‘வாங்குவோம்’ என்று கிளம்பி, வாஷிங்டனிலிருந்து ஆண்ட்ரூ சேஃபினையும் லூயிஸ் கார்சியாவையும் வாங்கினீர்கள். இந்த லூயிஸ் கார்சியா யார்? 2024 ஜூலையில் தாங்களே பாஸ்டனுக்கு விற்ற அதே லூயிஸ் கார்சியா! போன ஜூலையில் விற்றதை இந்த ஜூலையில் திருப்பி வாங்கும் வியாபாரத்தை அடகுக்கடையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அங்கேயும் மீட்ட பிறகு பொருளுக்கு ஒரு வயது கூடியிருக்காது. முடிவு 72–90, பிரிவில் கடைசி இடம்.

இத்தனைக்கும் ஸ்டேடியத்துக்குக் கூட்டம் வருகிறது. 2025-லும் 25 லட்சம் பேருக்கு மேல் வந்தோம். 2003-இல் அணியை வாங்கியதும் தாங்கள் முதலில் செய்த காரியம் பீர் விலையைக் குறைத்தது; அந்த நன்றி இன்னும் எங்கள் தொண்டையில் இருக்கிறது. பக்கத்தில் டிஸ்னிலேண்ட், நல்ல வெயில், குழந்தைகளுக்குக் குரங்கு பொம்மை. ஒருவேளை இதுதான் சிக்கலோ என்று தோன்றுகிறது. நாங்கள் வராமல் இருந்திருந்தால் தாங்கள் விற்றிருப்பீர்கள்; ஆவேசமாக வந்திருந்தால் வாங்கியிருப்பீர்கள். நாங்கள் சும்மா வருகிறோம், தாங்கள் சும்மா இருக்கிறீர்கள்.

எனவே கீழ்க்காணும் ஏற்பாட்டைப் பரிசீலிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். ஸ்டேடியத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் 57-ஆம் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி தங்கள் அணியின் மாபெரும் ‘A’ எழுத்துக் கோபுரம் நிற்கிறது. ஜெயித்த இரவுகளில் அதன் உச்சி வளையம் எரியும். அண்மைக்காலமாக அதற்கு அதிக வேலை இல்லை என்பதால், ஜூலை மாதம் மட்டும் வாடகையில்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்பதானால் சிவப்பு, வாங்குவதானால் பச்சை. ஜூலை 15-க்குள் ஏதோ ஒரு நிறம். நிறம் போட்ட பிறகு மாற்றக் கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சிமிட்டினால் அந்த வழியே வண்டியோட்டுகிறவர்களுக்கு ஆபத்து என்பதைச் சட்டப்படியும் சுட்டிக்காட்டுகிறேன்.

சிவப்பு என்றால், அழாமல் விற்க வேண்டும். பெரிய பெயரிலிருந்து தொடங்க வேண்டும், ஓரத்தில் நிற்கிற இரண்டு பேரைத் தள்ளிவிட்டுக் கணக்கு முடிக்கக் கூடாது. பச்சை என்றால், வாங்கியவரை ஆகஸ்ட் கடைசியில் வாசலில் வைக்கக் கூடாது. வரிக்கோடு தாண்டினால் தாண்டட்டும். இரண்டுக்கும் மனமில்லை என்றால், 2022-இல் எழுதி வைத்த அந்த அணி விற்பனை அறிவிப்பு அலுவலகத்தில் எங்கேயாவது இருக்கும். தேதியை மட்டும் திருத்தினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்தளத்து மலிவு டிக்கெட் ரசிகன்.

நகல்:
1. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் – நன்றிக்கடன் நினைவூட்டல்.
2. கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் – அடுத்த ஆகஸ்ட் கடைசியில் வண்டி தயாராக இருக்கட்டும்.
3. திரு. ராண்டல் கிரிச்சக் – வருத்தத்துடன்.
4. திரு. லூயிஸ் கார்சியா – பெட்டியை முழுக்கப் பிரிக்க வேண்டாம்.
5. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் – தகவலுக்காக மட்டும். நடவடிக்கை ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.