யாரு பக்கத்து ரத்தம்?

வாங்க மாப்ள, இப்படிப் பந்தல் நிழல்ல உக்காருங்க. மூஞ்சி ஏன் தண்ணி காணாத திராட்சைக் கொடி மாதிரி தொங்கிக் கெடக்கு? ஓகோ, பய விவகாரமா! நானும் கேள்விப்பட்டேன். சின்னமனூர்ச் சந்தையில நிப்பாட்டியிருந்த நாலு வண்டியில ட்யூப்பை விட்டு, பெட்ரோலை உறிஞ்சி, பாட்டில்ல ஊத்தி வித்திருக்கான். பதிமூணு வயசுல யாவாரம்! பிடிச்சு வச்சுக் கேட்டா, கொஞ்சங்கூட உறுத்தல் இல்லாம சிரிக்கிறானாம். அதுதான் உங்களுக்குக் கிலி.

“இது பிறவிக்குணம் மாமா. எங்க வம்சத்துல இப்படி இல்ல, தாய் வழியில வந்திருக்கு”ங்கிறீங்க. நல்லது. அந்தத் தாய்க்குப் பெரியப்பன் நான்தான். என் பந்தல்ல உக்காந்து என்கிட்டயே சொல்றீங்க பாருங்க, அந்தத் தைரியம் எந்த வழியில வந்துச்சோ! போன வருசம் பய கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினப்ப, மைக்செட் கட்டாத குறையா “என் ரத்தம்”னீங்க. நூறு மார்க்குன்னா உங்க ரத்தம், பெட்ரோல் வாடை அடிச்சா எங்க ரத்தமா?

பிறவிக்குணம்னு சொல்றதுல ஒரு சௌகரியம் இருக்கு மாப்ள. சொல்றவனுக்கு வேலை மிச்சம். இந்த வித்தையில வெள்ளைக்காரன் உங்களுக்கு அண்ணன். 1871-ல குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு போட்டான். 1911-ல அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. அப்ப நம்ம பக்கமும் மதுரை ஜில்லாதான். பிரமலைக் கள்ளர் வீட்டுல பொறந்த ஆம்பளையா, வை கைரேகையை. திருடினியான்னு ஒரு வார்த்தை கேக்கிறதில்ல. ரவைக்குப் பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு ஸ்டேசன்லயோ சாவடியிலயோ வந்து படுக்கணும். வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு. தொட்டில்ல கெடக்கிற பிள்ளைக்குச் சர்க்காரே ஜாதகம் கணிச்சிருச்சு.

கணவாய்க்கு அங்கிட்டு, பெருங்காமநல்லூர்க்காரக ரேகை வைக்க மாட்டோம்னு நின்னாக. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, துப்பாக்கிச் சூட்டுல 16 உசுரு போச்சு. அதுல ஒண்ணு மாயக்காள்ங்கிற பொம்பளை.

இதுல ஒரு கூத்து பாருங்க. ஒரு கையில ரேகை உருட்டின அதே சர்க்கார், இன்னொரு கையில அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துச்சு. ரத்தத்துலயே ஊறினதுன்னா சிலேட்டு எதுக்குய்யா? அவன் சட்டத்து மேல அவனுக்கே நம்பிக்கையில்ல! 1947-ல மெட்ராஸ் மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிஞ்சது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிக இன்னமும் தேனி, மதுரை, திண்டுக்கல் ஜில்லாவுல நடக்குது. ரேகை வச்சவக பேரன் பேத்திக அங்கன படிச்சு, வாத்தியாராவும் போலீசாவும் இருக்காக.

அதுக்காக விதையே பொய்யின்னு நான் சொல்லல. முரட்டுக் கன்னு முரடாத்தான் பொறக்கும். ஆனா மண்ணைக் குவிச்சு வச்சுக் குத்துடா குத்துடான்னு பழக்கினது யாரு? வாடிவாசல்ல ஆளைத் தூக்கி வீசின அதே காளைய, சாயங்காலம் ஆறு வயசுப் பிள்ளை கயித்தைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது.

மனநல டாக்டருக்குப் படிக்கிற என் பேத்தி ஒண்ணு சொன்னா. நியூசிலாந்துல டுனெடின்னு ஒரு ஊரு. அங்க 1972-73-ல பொறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பெரியாளாகுற வரைக்கும் கவனிச்சாகளாம். 2002-ல வெளியிட்ட கணக்குப்படி, ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்போட பொறந்து, அடி உதையில வளந்த பயகதான் கூடுதலாக் கெட்டுப் போனாக. அதே அமைப்போட பொறந்து, ஒழுங்கா வளந்தவக தப்பிச்சாக. பின்னால சோதிச்ச எல்லாருக்கும் அதே விடை வரலைன்னும் சொன்னா. இருந்தாலும், உங்க கை இடுப்பு பெல்ட்டுப் பக்கம் போகுது பாருங்க, அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுக்கங்க. கவாத்து வெட்டினா மட்டும் கொடி காய்க்காது மாப்ள. வெட்டின கையாலயே பந்தல்ல இழுத்துக் கட்டணும்.

சரி, ஒரே ஒரு சந்தேகம். அடுத்தவன் சொத்துல ட்யூப்பை இறக்கி உறிஞ்சலாம்னு பயலுக்கு எப்படித் தோணுச்சு? போன கோடையில ஒரு ராத்திரி. முறைத்தண்ணி உங்களுக்கில்ல, எனக்கு. வாய்க்கால்ல யாரோ மோட்டார் ஹோசை இறக்கிட்டாக. பக்கத்துல ஒரு சின்னப் பய டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னான். தண்ணி பாதியில நின்னு போச்சேன்னு பார்க்க வந்த நான், இருட்டுல வரப்பு மேலதான் உக்காந்திருந்தேன்.

அன்னைக்கும் கொஞ்சங்கூட உறுத்தல் இல்லாத ஒரு சிரிப்புக் கேட்டுச்சு மாப்ள. பய சிரிப்பு இல்ல அது. அவனுக்கு அப்பத் தொண்டை உடையல.